சிக்காகோ மாநகரமும் சூட்டுக்கூடமும்

அனுமதிப்பத்திரம் ஒன்றைப் பெறுதற்கு இன்ன பயிற்சியை ஒருவர் முடித்திருத்தல் வேண்டும் எனச் சட்டம் விதிக்குமாயின், அப்பயிற்சி நிகழ்தற்குரிய இடம் ஒன்று எங்கேனும் இருத்தல் வேண்டும். மோட்டார் வண்டி ஓட்டுதற்குப் பரீட்சை வைக்கும் அரசாங்கம், வண்டியைத் தெருவிற் செலுத்தலாகாது எனவும் கூறுமாயின், கேட்போர் நகைப்பர். ஐக்கிய அமெரிக்க நாடுகளிலே, மிச்சிக்கன் ஏரிக்கரையில் அமைந்த சிக்காகோ மாநகரத்தில் இத்தகைய விதியொன்று 2010 ஆம் ஆண்டு மெய்யாகவே நடைமுறைக்கு வந்தது. வீட்டிற் கைத்துப்பாக்கி வைத்திருக்க விரும்புவோர் சூட்டுக்கூடத்தில் ஒரு மணி நேரமாயினும் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். ஆயின் நகர எல்லையினுள்ளே பொதுமக்களுக்கான சூட்டுக்கூடம் எதுவும் இருத்தலாகாது. இவ்விரு விதிகளும் ஒரே கட்டளைச் சட்டத்தில் ஒருங்கே நின்றன.

இம்மலரில் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. எம் பழைய மாணவருட் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். சட்டத்துறையிற் பேர் பெற்றோரும் எம்மிடையே உளர். துப்பாக்கியைக் கண்ணாலும் காண விரும்பாதவர்க்கும் இவ்வழக்குப் பயன்படும். ஓர் உரிமையைத் தாளிலே கொடுத்து நிலத்திலே மறுத்தல் எவ்வாறு நிகழும் என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் வழக்குகள் அரியன. கல்லூரிக் கடேற் படையிற் பயின்று மண்மேட்டை நோக்கிக் குறிபார்த்தவர்க்குச் சூட்டுத்திடல் புதிதன்று. எனினும் பெருநகரொன்றிலே கட்டடத்தினுள் அமையும் சூட்டுக்கூடம் பிறிதொரு வகையினது. அதன் அமைப்பையும் உரிய இடத்தில் விளக்குவோம்.

முதலில் வரலாறு. சிக்காகோ மாநகரசபை 1982 ஆம் ஆண்டிலே கைத்துப்பாக்கிகளைப் புதிதாகப் பதிவு செய்வதை நிறுத்தியது. பதிவில்லாத துப்பாக்கியை வைத்திருத்தல் குற்றமாதலின், இது தடையாகவே முடிந்தது. இருபத்தாறு ஆண்டுகளின் பின், 2008 யூன் மாதம், தலைநகராகிய வாசிங்டனில் நிலவிய இது போன்ற தடையை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஹெலர் வழக்கிலே தள்ளியது. அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாந் திருத்தம் தனிமனிதன் தன் வீட்டிலே தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைக் காக்கின்றது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆயின் வாசிங்டன் நடுவண் அரசின் ஆட்சிக்கு நேரே உட்பட்ட நிலம். மாநிலங்களுக்கும் அவற்றின் நகரங்களுக்கும் இவ்வுரிமை பொருந்துமோ என்னும் வினா எஞ்சியது. அவ்வினாவை எழுப்பியவருள் ஒருவர் ஓட்டிஸ் மக்டொனால்ட் என்னும் சிக்காகோவாசி. கறுப்பினத்தவர், இளைப்பாறியவர், எழுபதைக் கடந்தவர், தம் வீட்டிலே பலமுறை திருடர் புகக் கண்டவர். 2010 யூன் 28 ஆம் நாள் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சிக்காகோவின் தடை சாய்ந்தது.

தீர்ப்பு வந்து நான்காம் நாளே, யூலை 2 இல், மாநகரசபை கூடிப் புதிய கட்டளைச் சட்டம் ஒன்றை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. அதன்படி வீட்டிலே துப்பாக்கி வைத்திருப்போர் மாநில அரசு வழங்கும் அடையாள அட்டையோடு மாநகரத்தின் அனுமதிப்பத்திரத்தையும் பெறுதல் வேண்டும். அனுமதிப்பத்திரத்திற்கு விண்ணப்பிப்போர் வகுப்பறையில் நான்கு மணியும் சூட்டுக்கூடத்தில் ஒரு மணியும் கற்றமைக்குச் சான்று காட்டுதல் வேண்டும். இவ்வளவில் நின்றிருப்பின் அச்சட்டத்தை ஒருவரும் பெரிதும் குறைகூறியிரார். துப்பாக்கியை வீட்டிற்குக் கொண்டுவருபவர் அதனைக் கையாளக் கற்றிருத்தல் அயலவர்க்கும் பிள்ளைகளுக்கும் நல்லதே. ஆயின் அதே சட்டம் நகரத்தினுள்ளே சூட்டுக்கூடங்களை முற்றாகத் தடைசெய்தது. பொலிசாருக்கும் வேறு சில காவற் பணியாளருக்கும் மட்டும் விலக்கு உண்டு.

மாநகரசபையார் அறிவற்றவர் எனக் கொண்டு இதனை நகையாடி விடுதல் எளிது, நேர்மையன்று. சிக்காகோவின் தெற்கு, மேற்குப் பகுதிகளிலே துப்பாக்கிச் சூட்டினால் இளைஞர் மடிதல் நாளாந்தச் செய்தி. பிற்பட்ட ஆண்டாகிய 2016 இல் மட்டும் அந்நகரத்தில் 750 இற்கு மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவை துப்பாக்கியால் நிகழ்ந்தவை. இத்தகைய நகரத்தை ஆள்வோர் துப்பாக்கி என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே கதவைச் சாத்த முற்படுவதை விளங்கிக்கொள்ளலாம். அவர்களுடைய பிழை அச்சத்தில் இல்லை. நேர்வாயிலால் மறுக்க முடியாததை, நிறைவேற்றவொண்ணா நிபந்தனை ஒன்றினால் மறுக்க முனைந்தமையே பிழை என்பது எம் கருத்து.

2010 ஓகஸ்ட் மாதத்தில் இச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. வழக்காளிகளுள் முதற்பெயர் எஸெல் என்னும் பெண்மணியுடையது. ஆதலின் வழக்கும் அப்பெயராலேயே வழங்குகின்றது. அவருடைய வீட்டைத் திருடர் மூன்று முறை உடைக்க முயன்றனர். இளைப்பாறிய பொலிசுத் துப்பறிவாளர் ஒருவரும், படையிற் பணிபுரிந்து மீண்ட ஒருவரும் உடன் நின்றனர். துப்பாக்கிக்காக வாதாடுவோர் வெறியர் என எண்ணியிருந்தோர்க்கு இப்பட்டியல் சற்றே வியப்பளித்திருக்கும்.

மாநகரத்தின் எதிர்வாதம் பின்வருமாறு: நகரத்தினுள் கூடம் இல்லையாயினும் 50 மைல் வட்டத்தினுள் பொதுமக்கள் சென்று சுடத்தக்க கூடங்கள் பதினான்கு உள, அவற்றுட் சில நகர எல்லைக்கு மிக அணித்தே உள, அங்கே சென்று பயின்று வருக. முதலில் விசாரித்த மாவட்ட நீதிமன்றம் இதனை ஏற்றது. சிறிது தூரம் பயணஞ் செய்தல் பேரிழப்பன்று என்று கருதித் தடையுத்தரவு வழங்க மறுத்தது. மோட்டார் வண்டி உடையவர்க்கு அது மெய்யே. ஆயின் துப்பாக்கியை நாடும் அச்சம் மிகுதியாயுள்ள தெற்குப் பகுதியிலே வண்டியில்லாத குடும்பங்கள் பல. ஆங்கிருந்து புறநகர்க் கூடமொன்றுக்குச் செல்லுதல், இரண்டு மூன்று பஸ் மாறி, ஒரு நாட்கூலியை இழந்து, மாலையில் மீளும் பயணம். செல்வர்க்குச் சிறு தொல்லையாயிருப்பது வறியவர்க்குத் தடையாய் முடியும் என்பதை வாதங்களினிடையே ஒருவர் மறந்துவிடலாகாது.

ஏழாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011 யூலை 6 ஆம் நாள் மாவட்ட நீதிமன்றத்தின் முடிவை மாற்றியது. நீதிபதி டயான் சைக்ஸ் எழுதிய அத்தீர்ப்பில் இரண்டு கருத்துக்கள் எம் கவனத்துக்குரியன. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை, அதனைச் செவ்வனே கையாளப் பழகும் உரிமையையும் உட்கொண்டது; பழக்கமின்றி அவ்வுரிமைக்குப் பொருளில்லை. இஃது ஒன்று. நகரத்தினுள் மறுக்கப்பட்ட உரிமையை அயலூரிலே பெறலாம் எனக் கூறி இழப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது என்பது மற்றையது. புறநகரிலே பேசலாம், ஆதலின் நகரத்திலே வாய் திறவாதிருக்க என ஒரு மாநகரம் கூறுமாயின் அதனை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்னும் ஒப்புமையை நீதிபதி காட்டினார். மற்றொரு நீதிபதியாகிய ரோவ்னர் முடிவோடு உடன்பட்டாராயினும் தம் நியாயங்களைத் தனியே எழுதினார். தீர்ப்பு வெளிவந்த அன்றே மாநகரசபை முழுத்தடையை நீக்கியது. அதன் இடத்தில் வேறு விதிகள் வந்து அமர்ந்தன.

அவ்விதிகளைப் பார்ப்போம். சூட்டுக்கூடம் தொழிற்சாலை வலயத்திலே மட்டும் அமையலாம். அதற்கும் தனி அனுமதி வேண்டும். குடியிருப்பு, பாடசாலை, பூங்கா, வழிபாட்டிடம் முதலியவற்றுக்கு 500 அடிக்குக் கிட்ட வரலாகாது. ஒரு கூடத்திலிருந்து மற்றொன்று 100 அடியேனும் விலகியிருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் உள்ளே நுழையலாகாது. ஒவ்வொன்றும் தனித்து நோக்குமிடத்து நியாயமாகவே தோன்றும். நகரப்படத்தை விரித்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேலொன்றாக இட்டுப் பார்த்தபோது, கூடம் அமைத்தற்கு ஏட்டளவிலேனும் இடந்தரும் நிலம் நகரப்பரப்பில் நூற்றுக்கு 2.2 பங்கே எஞ்சியது. அந்நிலத்திலும் வாணிகம் நடத்த முடியுமோ என்பது ஐயம். முழுத்தடை நீங்கி ஐந்தாண்டுகள் கடந்தும் ஒரு கூடமேனும் எழவில்லை.

வழக்கு இரண்டாம் முறையும் அதே மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அடைந்தது. கூடம் இருக்குமிடத்திற் குற்றம் பெருகும், ஈயத்தூள் காற்றிற் கலக்கும், தீப்பற்றும் என மாநகரம் மூன்று காரணங் கூறியது. அவற்றுக்கு ஆதாரம் யாது எனக் குறுக்கு விசாரணையில் வினவியபோது உத்தியோகத்தர்களால் தகவல் எதனையும் காட்ட இயலவில்லை. நகரத்தினுள்ளே பொலிசாரின் கூடங்கள் ஆண்டாண்டாக இயங்கியே வந்தன. அவற்றின் அயலிலே இத்தீங்குகள் நிகழ்ந்தமைக்கும் சான்றில்லை. 2017 சனவரி 18 இல் நீதிமன்றம் தொழிற்சாலை வலய விதி, தூர விதி, வயது விதி ஆகிய மூன்றையும் செல்லாதன ஆக்கியது.

மாநகரத்தார் கூறிய தீங்குகள் வெறுங் கற்பனையோ எனின், அன்று. ஈயமும் ஓசையும் தவறிய சன்னமும் மெய்யான தீங்குகளே. அவற்றுக்குப் பரிகாரம் தூரத்திலா, கட்டட அமைப்பிலா உள்ளது என்பதே வினா. இதனை அறியக் கூடத்தினுள்ளே சென்று பார்த்தல் வேண்டும்.

கட்டடத்தினுள் அமையும் சூட்டுக்கூடம் நீண்ட மண்டபம். ஒரு புறத்திலே தடுப்புச் சுவர்களாற் பிரிக்கப்பட்ட சிறு நிலையங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவர் நிற்பர். இலக்குத் தாள் கம்பியிலே தொங்கி முன்னும் பின்னும் ஓடும். மறு கோடியிலே சன்னங்களை ஏற்கும் பொறி உண்டு. இது சாய்வாக நிறுத்திய தடித்த உருக்குத் தகடுகளாலாயது. சில கூடங்களில் நொறுக்கிய றப்பர்க் குவியல் அவ்வேலையைச் செய்யும். தகட்டில் மோதிய சன்னம் கீழ்நோக்கித் திருப்பப்பட்டு அடங்கிவிடும். கூரையிலும் பக்கங்களிலும் தடுப்புத் தகடுகள் தொங்கும். கைத்துப்பாக்கியிற் புறப்பட்ட சன்னம் திறந்த வெளியிலே ஒரு மைலுக்கு மேலும் செல்ல வல்லது என்பதை நினைப்பின், இத்தகடுகள் ஏன் வேண்டும் என்பது விளங்கும். திறந்த வெளித் திடலுக்கு உயர்ந்த மண்மேடும் அதன் பின்னே பரந்த வெறுநிலமும் வேண்டும். அதனைச் சிக்காகோ போன்ற நகரத்திலே தேடுதல் வீண். உருக்கும் சீமெந்தும் அவ்வெறுநிலத்தின் வேலையைச் சில அடிகளினுட் செய்துவிடுதலே உட்கூடத்தின் சிறப்பு.

காற்றோட்டமே இவை எல்லாவற்றிலும் செலவு மிக்கது. கவனக்குறைவு நேர்வதும் அதிலேயே. சன்னம் ஈயத்தாலானது என்பதைப் பலரும் அறிவர். ரவையின் அடியிலுள்ள எரிமருந்திலும் ஈயச் சேர்மம் உண்டு என்பதைச் சிலரே அறிவர். விசையை இழுக்குந்தோறும் நுண்ணிய ஈயப்புகை சுடுபவரின் முகத்தருகே எழுகின்றது. ஆதலின் காற்று அவருடைய முதுகுப்புறத்திலிருந்து நுழைந்து, முகத்தைக் கடந்து, இலக்கை நோக்கிச் சீராகச் செல்லுதல் வேண்டும். ஆங்கே வடிகட்டப்பட்டு வெளியேறுதல் வேண்டும். சுடும் வரிசையிலே காற்றின் வேகம் நிமிடத்துக்கு 75 அடி இருத்தல் நன்று என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிலையத்தாரின் விதப்புரை. தொழிலாளர் எட்டு மணி நேரத்திற் சுவாசிக்கும் காற்றிலே ஈயம் கனமீற்றருக்குச் சராசரி 50 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என 1978 ஆம் ஆண்டில் அந்நாடு சட்டஞ் செய்தது. இதனாற் பெரிதும் காக்கப்பட வேண்டியவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போகும் பயிலுநர் அல்லர். நாள் முழுவதும் ஆங்கே நிற்கும் போதனாசிரியரும், இரவிலே கூட்டித் துடைக்கும் கூலியாளருமே. உலர்ந்த தும்புத்தடியாற் கூட்டுதல் படிந்த ஈயத்தை மீண்டும் காற்றிலே எழுப்பும். நல்ல கூடங்களில் அதற்கென அமைந்த உறிஞ்சு பொறியையோ ஈரத்துணியையோ கையாள்வர்.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். கைத்துப்பாக்கியின் வெடியோசை 150 டெசிபெலைக் கடக்கும். செவிப்புலனை ஒரே வெடியிற் கெடுக்க அது போதும். மூடிய மண்டபத்திலோ சுவர்கள் அதனைத் திருப்பியும் எறியும். காதினுள் அடைப்பானும் அதன்மேல் உறையுமாக இரண்டையும் ஒருங்கே அணிதல் பழகியோர் வழக்கம். சுவரைத் தடிப்பாக்கி ஓசையை உள்ளே அடக்குதல் பொறியியலாளர்க்கு அரிதான காரியமன்று. பணந்தான் வேண்டும். பணம் வேண்டுமெனின் வாடிக்கையாளர் வேண்டும். வாடிக்கையாளர் எளிதில் வரத்தக்க இடம் வேண்டும். நகரத்தின் கோடியிலுள்ள 2.2 பங்கு நிலத்தைக் காட்டி ஆங்கே கட்டுக எனின், முதலிடுவோர் முன்வாரார். வலய விதி எவ்வாறு தடையாய் முடிகின்றது என்பதை இதனாற் காணலாம்.

சிக்காகோ தன் மக்களை வெளியே சென்று பயில்க எனக் கூறிய அக்காலத்திலே, நியூயோர்க் மாநகரம் நேரெதிராக நடந்தது. வீட்டிலே கைத்துப்பாக்கி வைத்திருக்க மட்டும் உரிமை பெற்ற நியூயோர்க்வாசி, அதனை நகரத்தினுள்ளேயுள்ள கூடங்களுக்கே பயிற்சிக்காகக் கொண்டு செல்லலாம்; பூட்டிய பெட்டியில், ரவையின்றி வைத்தாயினும் நகர எல்லையைக் கடந்து பிறவூர்க் கூடத்துக்குக் கொண்டு செல்லலாகாது. அம்மாநகரத்தில் அனுமதி பெற்றோர்க்குத் திறந்திருந்த கூடங்கள் ஏழே என வழக்கேடு கூறுகின்றது. இவ்விதியை எதிர்த்த வழக்கை 2019 சனவரியில் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. அதே ஆண்டு யூலையில் மாநகரம் விதியைத் தானே திருத்திக்கொண்டது. ஆதலின் தீர்த்தற்கு இனி ஒன்றுமில்லை என 2020 ஏப்பிரல் 27 இல் உயர் நீதிமன்றம் வழக்கை முடித்தது. ஒரு நகரம் உள்ளே சுடாதே என்றது. மற்றையது வெளியே சுடாதே என்றது. இரண்டுக்கும் காட்டப்பட்ட காரணமோ ஒன்றே, பொதுமக்கள் பாதுகாப்பு.

இனி, சிக்காகோ அடங்கிய இலினோய் மாநிலத்தின் நிலைமை. ஐம்பது மாநிலங்களுள், துப்பாக்கியை உடையினுள் மறைத்து ஏந்திச் செல்லுதற்கு இறுதியாக வழிவகுத்த மாநிலம் அதுவே. 2012 டிசெம்பரில் வந்த நீதிமன்றத் தீர்ப்பொன்று அதனை வற்புறுத்த, 2013 யூலையிற் சட்டம் நிறைவேறியது. மாநகரத்தின் பழைய அனுமதிப்பத்திர முறை அதே ஆண்டு செப்டெம்பரில் நீக்கப்பட்டது. அதனோடு ஒரு மணி நேரப் பயிற்சி விதியும் போயிற்று. ஆயின் கூடத்தின் தேவை போகவில்லை, பெருகியது. மாநிலச் சட்டம் 16 மணி நேரப் பயிற்சியை வேண்டியது. அதன் ஒரு பகுதி மெய்யான சூடு. மனித நிழலுரு வரைந்த தாளை நோக்கி ஐந்து யாரிலிருந்து பத்து, ஏழு யாரிலிருந்து பத்து, பத்து யாரிலிருந்து பத்து என முப்பது ரவைகளாயினும் சுடுதல் வேண்டும். நூற்றுக்கு 70 பங்கு, அஃதாவது முப்பதுக்கு இருபத்தொன்று, இலக்கிற் படுதல் வேண்டும். போதனாசிரியரின் கட்டளையை மீறினாலும், பிறர்க்கு அபாயம் விளையும் வகையிற் கையாண்டாலும், குறி தவறாவிடினும் சான்றிதழ் கிடையாது. படையிற் பணிபுரிந்தோர்க்கும் முன்னரே தகுந்த பயிற்சி பெற்றோர்க்கும் எட்டு மணி வரை கழிவு உண்டு.

மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறும். ரெக்சாஸ் மாநிலத்தின் பரீட்சையில் மூன்று, ஏழு, பதினைந்து யார் தூரங்களிலிருந்து ஐம்பது ரவைகள் சுடப்படும். 250 புள்ளிக்கு 175 பெறுதல் வேண்டும். 2021 செப்டெம்பர் தொடக்கம் ஆங்கே பெரும்பாலோர்க்கு ஏந்திச் செல்லப் பத்திரமே வேண்டாவாயிற்று. நியூயோர்க் மாநிலம் 2022 இல் வகுப்பறையில் பதினாறு மணியும் கூடத்தில் இரண்டு மணியும் என விதித்தது. மேரிலாந்திலே கைத்துப்பாக்கி வாங்குவோர்க்கு 2013 இல் ஏற்பட்ட முறையின்படி நான்கு மணிப் பயிற்சியில் ஒரு ரவை சுட்டாற் போதும். அந்த ஒற்றை ரவைக்கும் கூடம் வேண்டும் என்பதைக் கவனித்தல் நன்று.

அந்நாட்டில் வாழும் எம்மவர் ஒருவர் இப்பயிற்சியை நாடுவாராயின், முதலிற் கேட்க வேண்டியது எது? வகுப்பு எங்கே என்பதினும் சூடு எங்கே என்பதே. போதனாசிரியர் பலர்க்குச் சொந்தக் கூடம் இல்லை. விடுதி மண்டபத்திலோ கடையின் பின்னறையிலோ பாடம் நடத்திவிட்டுச் சூட்டுக்குப் பிறிதொரு நாளில், பிறிதோர் ஊருக்குப் பயிலுநரை அனுப்புவர். கூடங்களுட் சில அங்கத்தவர்க்கே திறக்கும். சில பிற போதனாசிரியரை ஏலா. சனி ஞாயிறுகளில் நிலையங்கள் முன்னரே நிரம்பிவிடும். மலிவான கட்டணத்தைக் கண்டு பணத்தைக் கட்டிய பின்னரே, நிலைய வாடகை, துப்பாக்கி வாடகை, ரவை, இலக்குத் தாள் யாவும் புறம்பு என அறிவோர் உளர். எல்லாம் உட்பட எவ்வளவு என்பதை எழுத்திற் கேட்டுப் பெறுதல் நன்று. இலினோய் மாநிலப் பொலிசார் தாம் அங்கீகரித்த போதனாசிரியரின் பெயர்ப்பட்டியலை வைத்துள்ளனர். அப்பட்டியலில் இல்லாதவர் தரும் சான்றிதழாற் பயனில்லை. இன்னுமொன்று: 2013 ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரம் பெற்றோரும் பொது பஸ்களிலும் இரயில்களிலும் துப்பாக்கி ஏந்திச் செல்லலை விலக்கியது. வண்டியில்லாதவர் கூடத்திலேயே துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துப் பரீட்சையை முடித்தல் எளிது.

பணங்கட்டு முன் ஒருமுறை நேரிற் சென்று வாயிலில் நின்று பார்க்க. சுடும் வரிசையிலிருந்து புகை முன்னோக்கிச் செல்கின்றதா, நிற்போரின் முகத்துக்கே திரும்புகின்றதா? கண்காணிப்பாளர் ஒருவர் எப்போதும் வரிசையின் பின்னே நிற்கின்றாரா, பணப்பெட்டியருகே அமர்ந்துள்ளாரா? சூடு நிறுத்துக என்னும் கட்டளை எழுந்தபோது எல்லோரும் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்வாங்குகின்றனரா? துப்பாக்கியின் வாய் எக்காலும் இலக்கை நோக்கியே இருத்தல், குறிபார்க்கும் வரை விரல் விசையிற் படாதிருத்தல், வெறுமையாயினும் ரவையுள்ளதாகவே கருதுதல் ஆகிய மூன்றையும் சுவரில் எழுதி வைத்தலாற் பயனில்லை; அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்பதைக் கால்மணி நேரம் நின்று பார்த்தால் அறியலாம். புதியவர் ஒருவரின் துப்பாக்கி வாய் சற்றே பக்கம் திரும்பும்போது அங்குள்ளோர் என் செய்கின்றனர் என்பதே சிறந்த அளவுகோல்.

கூடத்தினுள்ளே உண்ணலும் குடித்தலும் ஆகா. வெளியேறியவுடன் கையையும் முகத்தையும் குளிர்ந்த நீராற் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். வீடு சேர்ந்ததும், பிள்ளைகளைத் தூக்குமுன், உடையை மாற்றி வேறாகத் தோய்க்க வேண்டும். கருவுற்ற பெண்கள் ஈயப்புகையை முற்றாகத் தவிர்த்தல் வேண்டுமாதலின், அவர்கள் பரீட்சையை மகப்பேற்றின் பின்னர் வைத்துக்கொள்ளுதல் தகும். ஈயமில்லாத ரவைகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. விலை சற்று மிகுதி.